பம்ப்ளிமாஸும் பத்தியமும்

எதையும் இரண்டாவது தடவை பார்க்காமல் நான் நம்பமாட்டேன். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலில் விரலை விட்டு எடுத்து, சொட்டு எப்படி விழுகிறது என்று பார்ப்பேன். கேஸ் சிலிண்டர் வந்தால், கொண்டுவந்தவரை நிற்கவைத்து எடை போட்டுக் காட்டச் சொல்வேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு ஈரப்பதம் பார்க்கும் மெஷினையே, "இது சரியாத்தான் காட்டுதா?" என்று கேட்டு அங்கிருந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் சிஐடி. "சிஐடி அம்மா, காபி கிடைக்குமா?" என்றுதான் காலையில் ஆரம்பிப்பார். எனக்கு அதில் வருத்தமில்லை. வீட்டில் ஒருத்தராவது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டுமே.

அவர் எனக்கு நேரெதிர். யார் எது சொன்னாலும் நம்பிவிடுவார். உரக்கடையில் புது மருந்து என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிவந்து வயலில் தெளித்துவிட்டு, பயிர் பச்சை கட்டிவிட்டதாகச் சொல்லிக்கொள்வார். பிடிவாதம் மட்டும் நிறைய. வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னால் அதைப் பற்றி அரை மணி நேரம் வாதாடாமல் விடமாட்டார். நாற்றங்காலுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் திறப்பது என்பதில் தொடங்கி, ரசத்துக்குப் பூண்டு தட்டிப் போடுவதா நறுக்கிப் போடுவதா என்பதுவரை எங்களுக்குள் சண்டை நடந்திருக்கிறது. பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார்.

எங்கள் ஊர் வெண்ணாற்றங்கரையில், தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. கொல்லைக் கடைசியில் அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு பம்ப்ளிமாஸ் மரம். அவர் திருப்பனந்தாள் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கன்று வாங்கிவந்து வைத்தது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகள் அங்கே கிரேப்ஃப்ரூட் என்று ஒரு பழத்தை இரண்டாக வெட்டி ஸ்பூனால் தோண்டித் தின்கிறாள். வீடியோ காலில் அதைக் காட்டி, "அப்பா, நம்ம பம்ப்ளிமாஸுக்குத் தங்கச்சி இது" என்றாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி ரொம்ப நோஞ்சானா இருக்கே. சுளையை உரிக்காம இப்படிக் கிண்டித் தின்னா என்ன ருசி தெரியும்?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் பம்ப்ளிமாஸ் உரிப்பது அவர் வேலை. பறித்த அன்றே யாரையும் தொடவிடமாட்டார். நெல் மூட்டை அடுக்கிய அறையில், மூட்டைகளுக்கு நடுவே சில நாள் கிடக்கவேண்டும். தோல் லேசாகச் சுருங்கி, வாசனை அறைக்கு வெளியே வந்த பிறகுதான் எடுப்பார். அரிவாள்மனையில் தலைப்பக்கம் ஒரு சில்லு சீவிவிட்டு, மேலிருந்து கீழாகக் கோடு கீறி, தோலைப் பட்டை பட்டையாகப் பிரிப்பார். உள்ளே விரல் தடிமனுக்குப் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கும். அதில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் கசக்கும் என்று பொறுமையாகச் சுரண்டுவார். பிறகு சுளையைப் பிட்டு, மெலிந்த ஓரத்தை நகத்தால் கீறி, மேல்தோலை இரண்டு பக்கமும் மடக்கி உரித்து, கொட்டையைத் தட்டிவிட்டு, ரோஸ் நிறத்தில் இருக்கும் சதையை உடையாமல் முழுசாகத் தட்டில் எடுத்து வைப்பார். நான் உரித்தால் கூழாகிவிடும். எனக்கு ஜீனி தூவித் தருவார். அவருக்கு உப்பும் மிளகாய்த்தூளும் வேண்டும். ஒரு முழுப் பழத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, "அடடா" என்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தபோது வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வலி. தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அடைப்பு என்று சொல்லி ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒவ்வொரு மாத்திரையாகக் காட்டி விளக்கினார். இதையெல்லாம் ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது, வீட்டில் என்ன பழம் இருக்கிறது என்று கேட்டார். இவர் உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பம்ப்ளிமாஸ் மரம் இருக்குங்க" என்று சொன்னார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது மட்டும் வேணாங்க. வெளிநாட்டு கிரேப்ஃப்ரூட்டும் வேணாம். இதுல ஒரு மாத்திரை இருக்கு, அந்தப் பழத்தைச் சாப்பிட்டா மாத்திரையோட வேகம் உடம்புல எக்கச்சக்கமா ஏறிடும்."

இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஸ்டென்ட் வைக்கப்போகிறோம் என்று சொன்னபோதுகூட அப்படி வாடவில்லை.

அந்த நிமிஷத்திலிருந்து என் வேலை ஆரம்பமாயிற்று. மாத்திரைக்காக மகள் ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள், கிழமைக்கு ஒரு குழி வைத்தது. வாரா வாரம் நானே நிரப்புவேன். காலையில் பலகாரம் சாப்பிட்டதும் அவர் அந்தக் கிழமைக் குழியைத் திறந்து, மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, சொம்பைத் தூக்குவார். குழி காலியாகிவிட்டதா என்று ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொள்வேன். காலியாகத்தான் இருக்கும். மாத்திரை விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. என் கண்ணெல்லாம் மரத்தின் மேல்தான் இருந்தது.

அந்த வருஷம் பார்த்துத்தானா அந்த மரம் அப்படிக் காய்க்க வேண்டும்? ஆவணியிலேயே கிளைகள் தரையைத் தொட்டன. பழத்தைப் பறித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். "முத்தட்டும், அவசரப்படாதே. பச்சையாப் பறிச்சுக் குடுத்தா நாளைக்கு நம்ம மரத்தைத்தான் குறை சொல்லுவாங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அவர் குரலில் இருந்த அக்கறை எனக்குப் பிடிக்கவில்லை.

புரட்டாசி பிறந்து, சம்பா நடவு முடிந்த சமயம். மத்தியானம் வயலிலிருந்து வந்தவருக்கு மோர் கொடுத்தேன். டம்ளரைத் திரும்ப வாங்கும்போது அந்த வாசனை அடித்தது. பம்ப்ளிமாஸ் தோலில் ஒரு எண்ணெய் இருக்கிறது. விரலில் பட்டால் சோப்பு போட்டுத் தேய்த்தாலும் அன்று முழுக்கப் போகாது.

"கையைக் காட்டுங்க."

"என்ன, ரேகை பாக்கப்போறியா?"

மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. கேட்டால், மரத்தில் பூச்சி இருக்கிறதா என்று இலையைக் கசக்கிப் பார்த்தாராம். இலைக்கும் தோலுக்கும் வாசனை வேறு என்பது எனக்குத் தெரியாதா? ஒன்றும் சொல்லாமல் விட்டேன். சந்தேகப்படுகிறவள் அவசரப்படக்கூடாது. கையும் களவுமாகப் பிடித்தால்தான் மரியாதை.

மறுநாள் அவர் வயலுக்குப் போனதும், கை எட்டுகிற பழங்களுக்கெல்லாம் காம்புக்குப் பக்கத்தில் சுண்ணாம்பால் சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். அவர் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் தெரியாது. சில நாள் கழித்துப் பார்த்தபோது, பொட்டு வைத்த பழங்களில் சிலவற்றைக் காணவில்லை. எட்டாத உயரத்தில் இருந்தவை அப்படியே இருந்தன. ஸ்டென்ட் வைத்த பிறகு அவர் கையைத் தூக்கித் தொரட்டி பிடிக்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அந்தச் சொல்லை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறார்.

சரி, பழம் போகிறது. தோல் எங்கே? குப்பைக் குழியைக் கிளறிப் பார்த்தேன். மாட்டுக் கொட்டகையில் பார்த்தேன். வாய்க்கால் கரைவரை போய்ப் பார்த்தேன். ஒரு துண்டு தோல் இல்லை. அப்படியானால் அவர் தின்னவில்லை, யாருக்கோ கொண்டுபோய்க் கொடுக்கிறார். யாருக்கு? யோசித்தால் ஒரே ஆள்தான் நினைவுக்கு வந்தாள், அவருடைய தங்கை. பக்கத்து ஊர்தான். அதற்கு முந்தின வருஷம் ஒரு வளைகாப்பில் தட்டு வைத்த விஷயத்தில் எங்களுக்குள் மனத்தாங்கலாகி, நான் போக்குவரத்தை நிறுத்தியிருந்தேன். எனக்குத் தெரியாமல் தங்கைக்குப் பழம் போகிறது என்று முடிவே செய்துவிட்டேன்.

போன் போட்டேன். உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்றெல்லாம் பேசிவிட்டு, "பம்ப்ளிமாஸ் எல்லாம் இனிப்பா இருக்கா?" என்று கேட்டேன்.

"எந்தப் பம்ப்ளிமாஸ் அண்ணி? உங்க வீட்டு மரத்துலேர்ந்து எங்க வீட்டுக்கு எந்தக் காலத்துல என்ன வந்திருக்கு?" என்றாள்.

அவள் குத்திக் காட்டியதில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பழம் கிடைத்தவள் அவ்வளவு கோபமாகப் பேசமாட்டாள். சந்தேகம் திரும்பவும் அவரிடமே வந்து நின்றது.

அதற்குள் இன்னொரு கவலை. அவர் முன்போல் இல்லை. கொல்லைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு தடவை நின்றார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இடது கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "வாயு" என்றார். ஓமத்தண்ணீர் கேட்டார். வீடியோ காலில் பார்த்த மகள், "அம்மா, அப்பா முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். "வயல்ல வெயில்" என்று அவரே பதில் சொன்னார். பழத்தைத் தின்று தின்று மாத்திரையின் வேகம் ஏறிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் இப்படி என்று நினைத்தேன்.

இன்னொரு பக்கம் மருந்துக்கடை மேலும் சந்தேகம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த கடையில்தான் அந்த மாதம் வாங்கியிருந்தோம். டூப்ளிகேட்டாக இருந்தால்? அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு பழைய கடையில் காட்டினேன். கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல மாத்திரைதாம்மா. பயப்படாமக் குடுங்க" என்றார். கொடுக்கத்தானே செய்கிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ் வயலோரமாக வரும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். எங்கள் மோட்டார் கொட்டகை வாசலில் அவர் டிவிஎஸ் வண்டி நின்றது. அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை? வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடியது, மோட்டார் போடவே தேவையில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பிலேயே நடந்தேன்.

கொட்டகைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். முன்னால் வாழையிலைத் துண்டு. அதில் உப்பு ஒரு பக்கம், மிளகாய்த்தூள் ஒரு பக்கம். சுளைகளை ஒன்றுகூட உடையாமல் அடுக்கி வைத்திருந்தார். தோல் மோட்டாருக்குப் பின்னால் குவிந்து காய்ந்து கிடந்தது. நான் வாய்க்கால் கரை முழுக்கத் தேடிய தோல்.

"ஆக, இங்கதான் கடை போட்டிருக்கீங்க" என்றேன்.

திடுக்கிட்டார். ஆனால் அகப்பட்டவர் முகம் இல்லை அது. கொஞ்சம் அசடு வழிந்தார், அவ்வளவுதான்.

"உக்காரு. உனக்கும் ரெண்டு சுளை தர்றேன்."

"உயிரோட இருக்கணும்கிற எண்ணம் இருக்கா இல்லையா உங்களுக்கு? டாக்டர் என்ன சொன்னாரு? அந்தப் பழத்தைத் தின்னா மாத்திரை என்ன ஆகும்னு சொன்னாரா இல்லையா?" கத்தினேன். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

"கத்தாதே. நான் என்ன கூறு கெட்டவனா? பழம் திங்கிற அன்னைக்கு மாத்திரை போடறதில்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்ன சொல்றீங்க?"

"மருந்தும் பழமும் ஒன்னா உள்ள போனாத்தானே வம்பு? நான் ஒன்னாப் போக விடுறதே இல்ல. பழம் கிடைக்காத அன்னைக்கு மாத்திரை. பழம் தின்னா மாத்திரை கிடையாது. மஞ்சக்காமாலைக்கு மருந்து சாப்பிட்டப்ப வைத்தியர் என்ன சொன்னாரு? பத்தியம் முறிஞ்சா அன்னைக்கு மருந்தைத் தொடாதீங்கன்னுதானே சொன்னாரு? அதே கணக்குதான். மருந்துக்கு நான் ஒரு நாளும் துரோகம் பண்ணலை."

சொல்லிவிட்டு எழுந்துபோய், மோட்டார் சுவிட்ச் பெட்டிக்கு மேலே இருந்த ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து திறந்து காட்டினார். உள்ளே மாத்திரைகள். வெள்ளை, மஞ்சள், லேசான ரோஸ். விதைநெல் பத்திரப்படுத்துகிற மாதிரி அடியில் துணி போட்டு வைத்திருந்தார்.

"வீணாக்கலை. பாத்துக்க. மரம் ஓஞ்சதும் எல்லாத்தையும் போட்டுடலாம்னு வச்சிருக்கேன்" என்றார்.

காலையில் சொம்பைத் தூக்கும்போது மாத்திரைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெறும் தண்ணீரைக் குடித்திருக்கிறார். நான் காலியான குழியைப் பார்த்துத் திருப்தியாக இருந்திருக்கிறேன். அந்த டப்பாவில் இருப்பது எத்தனை நாள் மருந்து என்று யோசிக்கவே பயமாக இருந்தது. ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை, கொழுப்புக்கு, பிரஷருக்கு என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டியது கண் முன்னால் வந்தது. ஒன்றுகூட விடக்கூடாது என்றாரே. இந்த மனிதர் அத்தனையையும் பழத்துக்காக நிறுத்தியிருக்கிறார். அதையும் ஒழுங்கு மீறி நிறுத்தவில்லை, ஒழுங்காக நடந்துகொள்வதாக நினைத்து நிறுத்தியிருக்கிறார். தப்பு என்று தெரிந்தே தின்றிருந்தால் திட்டியாவது இருப்பேன். டப்பாவைத் திறந்து காட்டிவிட்டு, 'பார்த்தாயா' என்று பெருமையாக நிற்கிறவரை என்ன செய்வது?

"வாயுன்னீங்களே, அது எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். அப்போதுதான் அவருக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். "பழம் தின்ன ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான்" என்றார். பிறகு, "மாத்திரை நின்னதுக்கு அப்புறமும்தான்" என்றார். கையில் இருந்த சுளையை இலையில் வைத்துவிட்டார்.

வண்டியில் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரோட்டுக்கு வந்து ஊர் கார் ஒன்றைப் பிடித்தேன். தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை நான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் உள்ளே மாத்திரைகள் குலுங்கின. அப்போது நான் வேண்டாத சாமி இல்லை.

டாக்டர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, முதலில் எங்களை ஒன்றும் கேட்கவில்லை. இசிஜி எடுக்கச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். நெடுநேரம் கழித்து டாக்டர் வந்து, ஸ்டென்ட் வைத்த இடத்தில் திரும்பவும் அடைக்க ஆரம்பித்திருக்கிறது, நல்லவேளை முழுசாக அடைபடவில்லை, இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் நடந்து வந்திருக்கமாட்டார் என்றார். யாரைச் சந்தேகப்படுவது, யாரிடம் சண்டை போடுவது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

பிழைத்துக்கொண்டார். வார்டுக்கு மாற்றிய பிறகு டாக்டர் கட்டிலோரம் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "ஐயா, இது பத்தியக் கணக்கு இல்ல. பழம் தின்னுட்டா மாத்திரையை நிறுத்தக்கூடாது. மாத்திரைக்காகத்தான் பழத்தை நிறுத்தச் சொன்னேன். அவ்வளவு ஆசைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்த ஒரு மாத்திரையை மாத்திக் குடுத்திருப்பேனே?" இப்போது மாற்றிக் கொடுத்தார். புது மாத்திரைக்கு அந்தத் தொந்தரவு இல்லை என்றும், எப்போதாவது இரண்டு சுளை சாப்பிட்டுக்கொள்ளலாம், உப்பு மட்டும் கூடாது என்றும் சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு வந்த மனிதர் வேறு ஆளாக இருந்தார். முதல் நாள் காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி வாயைத் திறந்து காட்டினார். நாக்கைத் தூக்கி, அடியிலும் ஒன்றும் இல்லை என்று காட்டினார். நான் கேட்கவே இல்லை. மறுநாளும் காட்டினார். "எதுக்குங்க இதெல்லாம்?" என்றால், "நீ பாத்துட்டா நிம்மதி" என்றார். ரசத்தில் பூண்டு எப்படிப் போட்டாலும் பேசாமல் சாப்பிட்டார். வயலுக்குத் தண்ணீர் எந்த மடையில் திறக்கட்டும் என்று வேலைக்காரர் வந்து கேட்டால், "அம்மாவைக் கேளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். "வெண்டைக்காய் சாப்பிடலாமா?", "வெந்நீர்ல குளிக்கலாமா?" என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வந்து நின்றார். சிஐடி என்று கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்.

இத்தனை வருஷமாக இவர் என் பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறாரே என்று அங்கலாய்த்தவள்தான் நான். கேட்க ஆரம்பித்ததும் எனக்குத் தாங்கவில்லை. வீட்டில் ஒரு விருந்தாளி இருப்பது மாதிரி இருந்தது. உயிரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் மனிதரில் பாதியை அங்கேயே நிறுத்திக்கொண்டார்களோ என்று தோன்றியது.

கார்த்திகையில் மரத்தில் உச்சாணிக் கிளைப் பழங்கள் மட்டும் மிச்சம் இருந்தன. தொரட்டி போட்டு ஒன்றைப் பறித்து, அவர் செய்கிற மாதிரியே நெல் மூட்டைகளுக்கு நடுவே போட்டுவைத்தேன். இதற்கு நடுவில் மகளிடம் கேட்டேன். மெடிக்கல் காலேஜ் ரோட்டுக் கடைக்காரரிடம் புது அட்டைகளைக் காட்டிக் கேட்டேன். டாக்டருக்கே ஒரு தடவை போன் போட்டேன். எல்லோரும் சாப்பிடலாம் என்றார்கள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னதாலேயே எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், கூடத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்து உரித்தேன். அவர் தலையிடவே இல்லை. தோல் கோணல்மாணலாக வந்தது. வெள்ளைப் பஞ்சு அங்கங்கே ஒட்டியிருந்தது. மூன்று சுளை தேறியது, மூன்றும் மூக்கும் முழியும் இல்லாமல் நசுங்கி இருந்தன. மிளகாய்த்தூளைத் தூவி ஒன்றை அவர் கையில் வைத்தேன்.

உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். வாசனை பிடித்தார். "சாப்பிடலாமா?" என்றார்.

"டாக்டர் சொன்னது உங்க காதுலயும்தானே விழுந்துச்சு?"

"அவர் சொன்னது இருக்கட்டும். நீ சொல்லு."

எதையும் நம்பாத ஒருத்தியின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், சாப்பிட்டுவிடுகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் மனசு சொல்லிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு, "சாப்பிடுங்க" என்றேன்.

சாப்பிட்டார். அவர் மென்று விழுங்குகிறவரை அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த சுளைக்குக் கையை நீட்டினார்.

"இன்னைக்கு ஒன்னு போதும்" என்றேன். பழக்க தோஷம், வந்துவிட்டது.

"சரி" என்று கையை இழுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "என்னா சரி? எல்லாத்துக்கும் சரின்னா என்னா அர்த்தம்? டாக்டர் சொன்னதை எடுத்துச் சொல்லி எங்கூடச் சண்டை போட வேண்டியதுதானே? வாய் இல்லையா உங்களுக்கு?" என்று கத்தினேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

அவர் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "மூணு சுளைன்னுதான் சொன்னாரு" என்றார்.

பச்சைப் பொய். டாக்டர் சொல்லும்போது நான் கட்டிலுக்கு இந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் என்னிடம் சொன்ன முதல் பொய் அதுதான். மூன்றாவது சுளையை எடுத்து நான் வாயில் போட்டுக்கொண்டு, மிச்சம் ஒன்று இருந்த தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.